சுவை மன்றம்: ரொட்டிக் கடைப் பிஸ்கோத்துகள்



இப்பகுதியில் இதுகாறும் ஊறுகாய், அப்பளம், காப்பிப் பொடி என்று நம்மவர் கைப்பக்குவங்களையே சுவைத்து மதிப்பெண் வழங்கி வந்தோம். இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது நம்மவர் செய்யாத பண்டம். ஆயினும் மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மாலை ஐந்து மணிக்கு அது இல்லாத வீடு அரிது. சயானில் வசிக்கும் வாசக சகோதரி ஒருவர் எழுதிய கடிதமே இதற்குக் காரணம்.

அவருடைய மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருக்கிறாராம். முட்டை கலந்ததென்று தெரிந்தால் அந்தப் பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டாராம். பேரப்பிள்ளைகளோ பக்கத்துத் தெரு ரொட்டிக் கடையிலிருந்து பொட்டலம் பொட்டலமாகப் பிஸ்கோத்து வாங்கி வந்து, பாட்டிக்கும் ஆசையாக நீட்டுகிறார்கள். “இவற்றில் எதைப் பாட்டி உண்ணலாம், எது உண்மையில் வெண்ணெயில் செய்தது, எது காசுக்குத் தகும் என்று நடுநிலையாகச் சொல்ல யாரும் இல்லை, தாங்கள் சொல்லலாகாதா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கேட்ட தோரணையில் சிறிது கண்டிப்பும் இருந்தது.

உறையில் அடைத்து வரும் பிஸ்கோத்துகளுக்கு நம் தீர்ப்பு தேவையில்லை. அவற்றின் ஜாதகம் முதுகிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மாவு என்ன, எண்ணெய் என்ன, சைவமா அசைவமா என்பதெல்லாம் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 1929-ஆம் ஆண்டு விலே பார்லேயில் எழுந்த தொழிற்சாலை, ஊரின் பெயரையே பிஸ்கோத்துக்குச் சூட்டி நாடெங்கும் அனுப்பியது. அது 2016-இல் மூடப்பட்டது. அதற்குமுன் மேற்கு ரயில்வேயில் பயணம் செய்தவர்கள் நிலையம் வருவதை மூக்காலேயே அறிந்துகொள்வார்கள் என்று சொல்வதுண்டு. அந்தப் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் கண்ணாடி ஜாடிகளில் பெயர்ச்சீட்டு ஒன்றை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் ரொட்டிக் கடைப் பிஸ்கோத்துக்கு அத்தகைய ஜாதகம் கிடையாது. அங்கே நாக்கும் கடைக்காரர் வாக்குமே சாட்சி.

ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை, ஒரே கடையில், ஏழு வகைகளைக் கால் கிலோ வீதம் வாங்கினோம். கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. விளம்பரமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். மும்பையில் இதைப் போன்ற கடைகள் பேட்டைக்கு ஒன்றிரண்டு உண்டு. விடியுமுன் பாவ் ரொட்டி சுட்டு அனுப்பிவிட்டு, பகலில் பிஸ்கோத்தும் காரியும் சுடுவார்கள். அடுப்படியில் உழைப்போர் பலர் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே ஊரைப் பிரிந்து வந்தவர்கள் என்பதை நாம் பாவ் வாங்கும் அவசரத்தில் நினைப்பதில்லை.

சுவைத்தவர் எழுவர். எண்பதை நெருங்கும் பாட்டியார் ஒருவர், ஓய்வு பெற்ற ரயில்வே அன்பர் ஒருவர், இல்லத்தரசியர் இருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, ஒன்பது வயதுச் சிறுவன், ஏழாவதாக நாம். பாட்டியார் முட்டை கலவாதவற்றை மட்டுமே சுவைத்தார். பிஸ்கோத்துகளை மறுநாள் காலைவரை காற்றுப் புகாத டப்பாக்களில் வைத்திருந்தோம். சுட்ட அன்றே எந்தப் பிஸ்கோத்தும் நன்றாகத்தான் இருக்கும். குடும்பத்துக்குத் தேவை மறுநாளும் நன்றாக இருப்பது. முதல் சுற்றில் தண்ணீரோடு மட்டும், இரண்டாம் சுற்றில் தேநீரோடும் காப்பியோடும் உண்டோம்.

மதிப்பெண் இருபது. சுவைக்குப் பத்து, பதத்துக்கு ஐந்து, நாணயத்துக்கு ஐந்து. பிஸ்கோத்துக்கு நாணயமா என்று ரயில்வே அன்பர் நகைத்தார். பெயர் சொல்வது உள்ளே இருக்கிறதா, கேட்டால் கடைக்காரர் உள்ளதைச் சொல்கிறாரா என்பதே நாம் கருதிய நாணயம். பின்னால் இந்த ஐந்து மதிப்பெண்ணுக்குத்தான் பெருஞ்சண்டை நடந்தது.

பின்தங்கியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். சிவப்பும் பச்சையுமாகப் பப்பாளிக்காய்த் துண்டுகள் பதித்த டூட்டி புரூட்டிப் பிஸ்கோத்து கண்ணுக்கு மட்டும் விருந்து. இருபதுக்கு எட்டு. தேங்காய்ப் பிஸ்கோத்தில் தேங்காய் இருந்தது. ஆனால் பழைய கொப்பரையின் சிக்கு வாடை தொண்டையில் நின்றது. பதினொன்று கொடுத்தோம். பாட்டியார் மூன்றுக்குமேல் கொடுக்கக் கூடாது என்றார். தேங்காய் விஷயத்தில் நாஞ்சில் நாட்டாரைச் சமாதானப்படுத்த யாரால் முடியும்!

காரி என்பதைப் பிஸ்கோத்து வரிசையில் சேர்க்கலாமா என்ற ஐயம் எழுந்தது. உப்புச் சுவையுடைய, அடுக்கடுக்கான, தொட்டால் உதிரும் பண்டம் அது. ஊட்டிக்குப் போனவர்கள் வர்க்கி உண்டிருப்பார்கள். அதற்கு இது தூரத்து உறவு. மாவைத் தேய்த்து, கொழுப்பைப் பூசி, மடித்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் மடித்தால்தான் அடுக்கு விழும். கொழுப்பு இளகிப்போனால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஆகையால் மும்பை வெயிலுக்குத் தாங்கும் கெட்டிக் கொழுப்பையே கடைக்காரர்கள் நாடுகிறார்கள். சுவைத்து முடித்தபின் மேல்வாயில் மெழுகு பூசியதுபோல் இருந்தது. பதினான்கு. தேநீரில் தோய்த்தால் இன்னும் ஒன்று கூட்டலாம்.

இந்த மேல்வாய்ப் பூச்சைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. வெண்ணெயும் நெய்யும் நம் உடம்பின் வெப்பத்துக்குள்ளேயே உருகிவிடும். வாயில் போட்டதும் கரைந்து மறைவதன் காரணம் அது. வனஸ்பதியை அவ்வாறே செய்ய வேண்டுமென்பதில்லை. அது உருகும் சூடு உடம்பின் வெப்பத்தைத் தாண்டியும் இருக்கலாம். அப்படிப்பட்டது வாய்க்குள் உருகாமல் அண்ணத்தில் படிந்து நிற்கும். ஒரு துண்டு தின்றபின் வெதுவெதுப்பான நீரை அல்ல, சாதாரண நீரை ஒரு மிடறு விழுங்கி, நாவின் நுனியால் அண்ணத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பு மறைந்திருந்தால் நெய்யோ வெண்ணெயோ இருக்கக்கூடும். மெழுகுபோல் நின்றால் வேறு ஏதோ என்று கொள்ளலாம். இது ரசாயனச் சாலைப் பரிசோதனை அன்று, அடுப்படி அறிவு.

வனஸ்பதி நம் அடுப்படிக்குப் புதிது அன்று. 1937-இல் டால்டா வந்தது முதலே அது நெய்யின் நாற்காலியில் உட்கார முயன்று வந்திருக்கிறது. அந்தக் கெட்டிக் கொழுப்பில் இருந்த ஒருவகைக் கூறு இதயத்துக்குத் தீங்கு என்பது பின்னால் தெளிவாயிற்று. 2022 ஜனவரி முதல், எண்ணெயிலும் கொழுப்பிலும் அந்த ‘டிரான்ஸ்’ கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டலாகாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு கட்டியிருக்கிறது. பழைய பயத்தில் பாதியை இதனால் விடலாம். மீதிப் பாதியை விட வேண்டாம். வரம்புக்குள் அடங்கிய கெட்டிக் கொழுப்பும் கொழுப்புத்தானே! இதய நோயாளர் உள்ள வீட்டில் காரியைத் தட்டுத் தட்டாக வைப்பது உசிதமன்று.

இனி, பட்டர் பிஸ்கோத்து. சண்டை இங்கேதான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மும்பையில் ‘ஜீரா பட்டர்’ என்று கேட்டால் சீரகம் தூவி உலர்த்திய, மொறுமொறுப்பான குட்டி ரொட்டியை எடுத்துத் தருவார்கள். அதில் வெண்ணெயைத் தேடக் கூடாது. அது மரபுப் பெயர். கடைக்காரரின் சூழ்ச்சி அன்று. நாம் சொல்வது அதையன்று. மஞ்சள் நிறத்தில், நடுவில் ஒரு பள்ளத்தோடு, ஜாடியின்மீது ‘பட்டர் பிஸ்கட்’ என்று எழுதி விற்பதைச் சொல்கிறோம்.

ஜாடியைத் திறந்ததும் வெண்ணெய் மணம் அறை முழுவதும் பரவியது. சிறுவன் இரண்டு தின்றுவிட்டு, “இதுக்குத்தான் முதல் பரிசு” என்று அறிவித்தான். கல்லூரி மாணவியும் தலையசைத்தாள். பாட்டியாரோ முகர்ந்து பார்த்து, ஒரு விள்ளல் வாயிலிட்டு, கீழே வைத்துவிட்டார். “வாசனை வாசல்லயே நின்னுடுத்துடா கண்ணா, உள்ளே வரவே இல்லை” என்றார். அண்ணச் சோதனையும் பாட்டியார் பக்கமே சாய்ந்தது.

அன்று மாலையே கடைக்குச் சென்று நேரே கேட்டோம். கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். ஒளித்துப் பேசத் தெரியாதவர். “இந்த விலைக்கு வெண்ணெய் எங்கிருந்து வரும், சாஹேப்? கொழுப்பு வனஸ்பதி, மணம் மட்டும் சீசாவிலிருந்து. கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்பதில்லை” என்றார்.

நாணயத்துக்கு எத்தனை கொடுப்பது? கேட்டவுடன் உண்மையைச் சொன்ன மனிதருக்கு ஐந்தும் தர வேண்டும் என்றனர் இல்லத்தரசியர். ஜாடியில் பொய் எழுதிவிட்டு வாயால் மெய் சொல்வது, பயணச்சீட்டு இல்லாமல் ஏறிவிட்டுப் பரிசோதகர் வந்தால் ஒப்புக்கொள்வதைப் போன்றது என்றார் ரயில்வே அன்பர். அபராதம் அபராதந்தானே! நமது எண்ணமும் அவர் பக்கமே. கடைக்காரர் நேர்மையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜாடியைப் படித்துவிட்டுக் காசு கொடுத்துப் போகிறவர்களுக்கு அந்த நேர்மை சென்று சேர்வதில்லை. இரண்டு கொடுத்தோம். சுவைக்கு ஐந்து, பதத்துக்கு நான்கு, ஆக மொத்தம் பதினொன்று.

எங்களுக்குக் கவலை தந்தது மதிப்பெண் அன்று, சிறுவனின் தீர்ப்பு. மறுநாள் உண்மையான வெண்ணெயை உருக்கி அவனிடம் காட்டியபோது, “இது வெண்ணெய் வாசனையே இல்லையே” என்றான். மோரைச் சிலுப்பி வெண்ணெய் எடுக்கும் வீட்டில் அவன் வளரவில்லை. அது அவன் குற்றமன்று. ஆனால் சீசாவின் மணம் அவனுக்கு மூலமாகவும், மத்து தந்த மணம் நகலாகவும் ஆகிவிட்டது. பிறந்த ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் இது வெண்ணெயோடு நிற்குமா என்று பாட்டியார் கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை.

ஷ்ரூஸ்பரி என்பது இங்கிலாந்தின் ஓர் ஊரின் பெயர். அவ்வூர்ப் பெயரில் அப்பம் செய்யும் முறை பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் நூலிலேயே அச்சாகியிருக்கிறது. நம் பக்கத்தில் அதற்குப் புகழ் தேடித் தந்தது பூனாவில் 1955-இல் தொடங்கிய கயானி பேக்கரி. அங்கிருந்து வருபவர்கள் அட்டைப் பெட்டியோடுதான் வருவார்கள். நம் கடையில் கிடைப்பது அதன் சாயல். வடிவம் ஒத்திருந்தது, வெண்ணெய் ஒதுங்கியிருந்தது. பன்னிரண்டு. அசலை இங்கே ஒப்பிடவில்லை. தாதரில் ரயிலேறிப் போய் வாங்கும் பண்டத்தையும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வாங்கும் பண்டத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. இதே காரணத்தால், ஒரு நேயர் அன்போடு அனுப்பியிருந்த ஐதராபாத்து உஸ்மானியாவையும் போட்டியில் சேர்க்கவில்லை. உண்ணாமல் விட்டோம் என்று பொருளன்று.

ஜீராப் பிஸ்கோத்து எதிர்பாராத வெற்றி பெற்றது. பார்வைக்கு எளிமையானது, மஞ்சளும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. கடித்தால் முதலில் உப்பு, பிறகு மெல்லிய இனிப்பு, கடைசியில் சீரகம். தேநீரோடு பரவாயில்லை. ஆனால் காப்பியோடு அது அடையும் மேன்மையே வேறு. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனின் கசப்புக்கு உப்பும் சீரகமும் ஈடு கொடுக்கின்றன. ஒரு டம்ளர் காப்பிக்கு மூன்று என்பது நம் கணக்கு. ரயில்வே அன்பர் கணக்கு ஐந்து. முட்டையும் கிடையாது. சுவைக்கு எட்டு, பதத்துக்கு நான்கு, நாணயத்துக்கு முழு ஐந்து, மொத்தம் பதினேழு. சீரகம் என்று எழுதியிருந்தது, சீரகம் இருந்தது.

நான்கட்டாயைக் கடைசிக்கு வைத்தோம். கடையில் அது இரு தரத்தில் கிடைக்கிறது. ஒன்று வெறும் நான்கட்டாய். மற்றது நெய் நான்கட்டாய். விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

‘நான்’ என்பது பாரசீக மொழியில் ரொட்டி. ‘கட்டாய்’ என்பதற்குப் பலரும் பலவாறு பொருள் கூறுவர். சூரத்தில் பண்டகசாலை வைத்திருந்த டச்சு வணிகர்களின் ரொட்டி அடுப்பிலிருந்து, அவர்கள் போனபின் பார்ஸிக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்து, உள்ளூர்ச் சுவைக்கேற்ப மாறிப் பிறந்தது என்பது அந்நகரத்தார் சொல்லும் வரலாறு. சூரத்திலிருந்து மும்பைக்கு அது வந்ததில் வியப்பில்லை. பாட்டியார் இந்த வரலாறு எதையும் கேட்கவில்லை. நெய் நான்கட்டாயை வாயிலிட்டதும், “இது நம்மூர் நெய் பிஸ்கோத்துன்னா!” என்றார். பிறகு சற்று யோசித்து, “பொட்டுக்கடலை மாவுருண்டையை அடுப்புல வெச்ச மாதிரி” என்று திருத்தினார். இதைவிடச் சரியான விளக்கத்தை நாம் எந்தச் சமையல் நூலிலும் கண்டதில்லை.

அதன் பதத்துக்குக் காரணம் உண்டு. மைதாவில் தண்ணீர் சேர்ந்து பிசையும்போது ஜவ்வுபோல் ஒரு பிடிப்பு உண்டாகும். ரொட்டிக்கு அது உயிர். பிஸ்கோத்துக்கு அது பகை. நான்கட்டாயில் தண்ணீரே இல்லை. நெய் ஒவ்வொரு மாவுத் துகளையும் போர்த்திவிடுவதால் பிடிப்பு உண்டாக வழியில்லை. போதாக்குறைக்குக் கடலை மாவும் சேர்கிறது. அதில் அந்த ஜவ்வுத்தன்மை இயல்பாகவே கிடையாது. ஆகையால் கடிக்க வேண்டியதில்லை, உதட்டால் அழுத்தினாலே பொடிந்துவிடுகிறது. பல் இல்லாதவர்களுக்கு இதைவிடச் சிறந்த பிஸ்கோத்து கிடையாது. மேலே விழும் வெடிப்பைக் குறை என்று எண்ணாதீர்கள். வெளிப்புறம் இறுகியபின் உட்புறம் பரவுவதால் விழுவது அது. வெடிப்பில்லாத நான்கட்டாயைக் கண்டால் நாம் சந்தேகப்படுவோம்.

நெய் வகைக்குச் சுவை ஒன்பது, பதம் ஐந்து, நாணயம் ஐந்து, மொத்தம் பத்தொன்பது. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது ஏலக்காய்க்காக. தோலோடு அரைத்துப் போட்டிருந்தார்கள்; நாரைத் துப்ப வேண்டியிருந்தது. சாதாரண வகைக்கு மொத்தம் பதினாறு. அது வனஸ்பதிதான், ஆனால் தான் நெய் என்று அது எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. காப்பியில் தோய்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். மூன்று என்றால் டம்ளரின் அடியில் கரண்டி விட்டுத் தேட நேரும்.

நான்கட்டாயைப் பற்றிய பேச்சு அடுப்பைப் பற்றிய பேச்சாக மாறியது தவிர்க்க முடியாதது. காற்று மாசு பற்றித் தானாகவே வழக்கெடுத்து விசாரித்த பம்பாய் உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் ரொட்டி அடுப்புகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு முதலிய தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். நாம் சென்ற கடையும் இப்போது எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்டது. அதே தெருவில் இருந்த இன்னொரு கடை, மாற்றும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டது.

“போயிற்று, ருசியெல்லாம் விறகோடு போயிற்று” என்பது ரயில்வே அன்பரின் கட்சி. இதை நாம் முழுவதும் ஏற்கவில்லை. பழைய செங்கல் அடுப்பின் முறை என்ன? விறகெரித்துச் செங்கல்லைச் சூடேற்றி, நெருப்பையும் சாம்பலையும் ஒதுக்கிவிட்டு, முதல் கொதிப்பில் பாவ் ரொட்டியைச் சுடுவார்கள். சூடு தணியத் தணிய மற்றவை. பிஸ்கோத்தின் முறை வரும்போது அடுப்பில் எஞ்சியிருப்பது செங்கல்லில் தங்கிய மிதமான வெப்பம். அந்தத் தணிந்த சூட்டில்தான் நான்கட்டாய் நிறம் மாறாமல் நிதானமாக வெந்தது. அதற்கு ருசி தந்தது புகை என்று எண்ணுவது பழைய நினைவின் மயக்கம். கருகிய மேலோடு வேண்டும் முரட்டு ரொட்டிக்கு வேண்டுமானால் இழப்பு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறோம். பிஸ்கோத்துக்கு வேண்டியது தணிந்த சூட்டை அறிந்த கை. எரிவாயு அடுப்பில் சூடு தானாகத் தணியாது, தணிக்க வேண்டும். மாறிய முதல் வாரங்களில் பிஸ்கோத்துகளின் அடிப்புறம் கருஞ்சிவப்பாகிப் போனதாகக் கடைக்காரரே சொன்னார். இப்போது நாம் வாங்கியவற்றின் அடிப்புறம் பொன்னிறமாகவே இருந்தது.

மேலும், அந்த அடுப்புகளில் எரிந்தது எல்லாம் நல்ல விறகு அன்று. பழைய நாற்காலி, கதவு, பலகை என்று வண்ணம் பூசிய உடைசல்களும் எரிந்தன. அந்தப் புகையைக் குடித்தவர்கள் அடுப்படியில் நின்ற தொழிலாளரும், மாடிக் குடியிருப்புகளில் சன்னலோரம் படுத்த நம் முதியோருமே. ருசிக்காக அதைத் திரும்ப அழைக்க நமக்கு மனமில்லை. ஆனால் மூடிய கடையின் வாசலில், வேலையிழந்த இருவர் வாடிக்கையாளர்களிடம் வேறு வேலை விசாரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தோம். தூய காற்றின் செலவை அவர்கள் மட்டுமே கட்ட வேண்டும் என்பதிலும் நமக்கு உடன்பாடில்லை.

இனி, சயான் சகோதரியின் முதல் கேள்வி. உறையில் வரும் பிஸ்கோத்தில் முட்டை சேர்ந்தால் பச்சைக் குறி இராது. அசைவத்துக்குரிய பழுப்புக் குறி இருக்கும். ஜாடிப் பிஸ்கோத்துக்கு நாம்தான் கேட்க வேண்டும். “முட்டை உண்டா?” என்று மட்டும் கேட்டால் போதாது. மூன்று கேள்விகள் வேண்டும்: மாவில் உண்டா, மேலே மினுமினுப்புக்குத் தடவுகிறீர்களா, கேக்குக்கு மாவு கலக்கும் பாத்திரத்திலேயே இதற்கும் கலக்கிறீர்களா? நம் கடையில் நான்கட்டாய், ஜீரா, காரி, பட்டர், தேங்காய் இவற்றின் மாவில் முட்டை இல்லை, தடவுவதும் இல்லை. டூட்டி புரூட்டியிலும் ஷ்ரூஸ்பரியிலும் உண்டு. ஆனால் கலக்கும் இயந்திரம் ஒன்றே. “கழுவித்தான் போடுகிறோம், மாஜியிடம் பொய் சொல்லமாட்டேன்” என்றார் கடைக்காரர். பாட்டியார் அதை ஏற்று உண்டார். தங்கள் மாமியார் ஏற்பாரா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு, நன்றாயிருக்கிறதா என்று கேட்பது மட்டும் வேண்டாம்.

ஏற்கமாட்டார் என்றால் இன்னொரு வழி உண்டு. மகாராஷ்டிரக் குடும்பங்கள் பல தீபாவளிக்குமுன் மாவும் நெய்யும் சர்க்கரையும் தாங்களே கொண்டுபோய், ரொட்டிக் கடை அடுப்பில் நான்கட்டாய் சுட்டு வாங்கி வருவது பழைய வழக்கம். நம் கடைக்காரர் இப்போதும் அதற்கு இசைகிறார். கூலி எடைக்கு ஏற்ப. மாவை வீட்டிலேயே பிசைந்து எடுத்துப் போனால் இயந்திரத்தின் கவலையும் இல்லை. இல்லத்தரசியர் இருவரும் சொன்ன அளவு இது: நெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், மைதா 300 கிராம், கடலை மாவு 100 கிராம், ரவை 50 கிராம், சமையல் சோடா ஒரு சிட்டிகை, தோல் நீக்கிப் பொடித்த ஏலக்காய். உறைந்த நெய்யைச் சர்க்கரையோடு வெளுக்கும்வரை கையால் தேய்க்க வேண்டும். உருக்கிய நெய் கூடாது. மாவு உருண்டையாகத் திரளவில்லை என்றால் தண்ணீர் விடாதீர்கள், ஒரு தேக்கரண்டி நெய் விடுங்கள். தட்டையும் அடியில் போடும் காகிதத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

சுட்டு வந்தவுடன் டப்பாவில் அடைக்க வேண்டாம். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று ஐயுற வேண்டியதில்லை. ஆறினால் இறுகும். முழுதும் ஆறியபின் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினால் பதினைந்து நாள் கெடாது. தீபாவளிக்கு முந்திய வாரம் கடையில் கூட்டம் தாங்காதாம். அப்போது வெளி மாவு ஏற்பதில்லை என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேண்டுவோர் அதற்கு முன்னரே, பாவ் வேலை முடிந்த பிற்பகல் இரண்டு மணிக்குமேல் செல்லவும்.